ஹல்வோர் யார் வீட்டுப் பிள்ளை?

யோருனுக்கு உட்காரத் தெரியாது. பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவளைப் பற்றி இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் வண்டி நகர்ந்துகொண்டிருந்தால்தான் அவளால் அதில் இருக்க முடியும். நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே தொலைபேசியில் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால், கடைசி வரிசையிலிருந்து எழுந்துபோய் ஜன்னல் சட்டத்தில் வண்ணம் உரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வருவாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "ஒருத்தன் கேட்டான். வந்து உக்காரு, பேசலாம்னான். அதான் வேணாம்னுட்டேன்" என்பாள். அதில் பாதி நிஜம்.

அப்படிப்பட்டவளை மணிக்கணக்கில் கட்டிப்போடுகிற ஒரே விஷயம் பழைய தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், பதினைந்து வயதை ஒட்டி நடக்கிற திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று ஐந்து பட்டியல்களாக எங்கள் பாதிரியார்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுத்து, கோழி கிளறிய குப்பைமேடு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் ஒரு வரி ஓடாது. யோருன் செய்தித்தாள் மாதிரி படிப்பாள். இருபத்தைந்து வயதில் பக்கத்து நகரத்து நூலகத்தில் பதிவேடுகளைப் படமெடுத்த ஒளிச்சுருள்களைக் காட்டும் இயந்திரத்தின் முன்னால் தொடங்கியவள், இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்ட பிறகும் விடவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பாதி ஜனம் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்விட்டது. அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் விஸ்கான்சினிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் கடிதம் போடுகிறார்கள். எங்கள் முன்னோர் உங்கள் ஊராமே, எந்த வீடு, யாராவது மிச்சம் இருக்கிறீர்களா? யோருன் தேடிச் சொல்வாள். கோடையில் அவர்கள் வந்து இறங்கினால், பள்ளி விடுமுறை என்பதால் அவளே வண்டியோட்டி, அவளே மொழிபெயர்ப்பாளர். இப்படி நூறு குடும்பங்களுக்கு மேல் ஆளுக்கொரு வீட்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

சொந்தக் குடும்பத்தில்தான் ஓட்டை. யோருனோடு அந்த வம்சம் முடிகிறது. அண்ணன் தம்பி இல்லை, அக்கா தங்கை இல்லை, அம்மா போய்ப் பதினெட்டு வருஷம். மேலே போனால் கொள்ளுப்பாட்டி ஆன்னெ. ஆன்னெக்கு ஹல்வோர் என்று ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். 1861இல் திடப்படுத்தல் பட்டியலில் இருக்கிறான், அதன்பின் எதிலும் இல்லை. கல்யாணமும் இல்லை, அடக்கமும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தேடியும் அகப்படாத அந்த ஒருவன் எங்கேயாவது பிள்ளைகுட்டி பெற்றிருந்தால், பூமியில் தனக்கும் சொந்தம் என்று நாலு பேர் இருப்பார்கள் என்பது அவள் கணக்கு. யாரிடமும் சொல்லமாட்டாள். சொன்னால் அழுதுவிடுவாள்.

எங்களூரில் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பன் பெயர், அதற்குப் பின்னால் இருக்கிற பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் பெயரும் மாறும். எஜமான் மகனுக்கும் அந்த வீட்டுப் பண்ணையாளுக்கும் ஒரே பெயர்தான். கடைசியாக எந்தக் கூரையின் கீழ் படுத்தானோ அந்தப் பெயரோடு கப்பலேறிவிடுவான். குளிர்காலத்தில் நூலகத்தில் நடத்துகிற வகுப்பில் யோருன் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள். இரண்டாம் நாள் சொல்வது, யாரையும் கப்பலேற்றுவதற்கு முன்னால் அடக்கப் பட்டியலைப் பாருங்கள், செத்தவனை ஏற்றிவிடாதீர்கள் என்பது. வகுப்பே சிரிக்கும்.

1991இல், வகுப்பெல்லாம் நடத்தத் தொடங்குமுன், டார்லின் குரூவன் என்கிற விஸ்கான்சின் பெண்மணி எழுதினாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஹல்வோர் குந்தர்சன் குரூவன், 1868இல் வந்தவர். யோருன் பார்த்தாள். ஊரைவிட்டுப் போனவர்களில் அந்தப் பெயர் இருந்தது, வயது இருபத்திரண்டு. ஞானஸ்நானத்தில் குரூவன் பண்ணை எஜமான் குந்தருக்கு ஹல்வோர் என்று ஒரு மகன், 1846 மார்ச். கச்சிதமாகப் பொருந்தியது. அடக்கப் பட்டியலின் சுருளை அந்த வாரம் வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். காத்திருக்கலாம். யோருனா காத்திருப்பாள்? அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் போட்டாள்.

குரூவன் எங்கள் பள்ளத்தாக்கிலேயே பெரிய பண்ணை. அதன் எஜமான் தார்யைக்கு இப்போது எண்பது. ஒன்பது வருஷத்துக்கு முன் மனைவி மார்கித்தைப் பறிகொடுத்தவர், பிள்ளை இல்லை. அந்த 1991 கோடையில் யோருன் காகிதமும் கையுமாக அவர் வாசலில் போய் நின்று, "உங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி வழியில அமெரிக்காவுல ஆளுங்க இருக்காங்க" என்றபோது, மனிதர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு மார்கித்தைக் கூப்பிட்டார். அன்று தொடங்கியது. இருபத்தேழு கோடைகள். டார்லினும் அவள் தம்பி வெர்னும், கூட ஒவ்வொரு வருஷமும் மாறி மாறிப் பிள்ளைகளும் வருவார்கள். மார்கித் போன பிறகு தார்யைக்கு வருஷம் என்பதே ஜூலை மாதத்து அந்தப் பத்து நாட்கள்தான். மற்றதெல்லாம் அதற்கான காத்திருப்பு. அவருக்கு ஆங்கிலம் வராது. ஒரு வாக்கியம் சொல்வார், யோருனைத் திரும்பிப் பார்ப்பார், அவள் மாற்றிச் சொன்னதும் அடுத்த வாக்கியம். நடுநடுவே அவள் எழுந்து எல்லாருக்கும் காபி ஊற்றுவாள். அவளுக்கும் அது வசதிதான், உட்கார வேண்டாம் பாருங்கள்.

இந்த வருஷம் டார்லினுக்கு எழுபத்தாறு. குரூவன் முற்றத்தில் ஹல்வோருக்கு ஒரு நினைவுக்கல் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தார்யையும் சரியென்றார். கல்லில் பொறிக்கத் தேதி கேட்டார்கள், யோருன் பழைய கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை திறப்பு. அந்தப் புதன்கிழமை காலையில், உரையில் சேர்த்துக்கொள்ள இருக்கட்டும் என்று டார்லின் ஹல்வோரின் பிள்ளைகள் பட்டியலை அனுப்பினாள். காரி, குந்தர், ஆன்னெ, மார்த்தா, ஓலே, பிர்கித்.

யோருன் படித்தாள். எழுந்துபோய்க் காரைக் கழுவினாள். திரும்பி வந்து மறுபடியும் படித்தாள்.

மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். கடல் தாண்டிப் போனவனும் அதை மாற்றமாட்டான். மாற்றினால் பெற்றவள் முகத்தில் அடித்த மாதிரி. குரூவன் எஜமானியின் பெயர் குன்ஹில்ட். நாலு பெண் பிள்ளைகள் பெற்றவன் ஒருத்திக்கும் குன்ஹில்ட் என்று வைக்கவில்லை. மூத்தவள் காரி. எந்தக் காரி?

இருபத்தேழு வருஷம் தாமதமாக அடக்கப் பட்டியலைத் திறந்தாள். 1850 செப்டம்பர். பள்ளத்தாக்கில் சீதபேதி வந்த இலையுதிர்காலம். பக்கம் முழுக்கக் குழந்தைகள். எட்டாவது வரியில் ஹல்வோர் குந்தர்சன் குரூவன், வயது நாலரை.

அவள் கப்பலேற்றியவன் அதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு முன்பே மண்ணுக்குள் போயிருந்தான்.

அப்புறம் தேட ஒன்றுமில்லை, கை தானாகப் போயிற்று. 1865 மக்கள்தொகைக் கணக்கு, குரூவன் பண்ணை, எஜமான் குடும்பத்துக்குக் கீழே: ஹல்வோர் குந்தர்சன், பண்ணையாள், மணமாகாதவன், இருபது வயது. அந்தக் காலத்தில் எங்களூரில் தடுக்கி விழுந்தால் ஒரு குந்தர். குரூவன் எஜமானும் குந்தர், குரூவனின் மேல்காட்டில் ஷெல்டா என்கிற துண்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு அதற்கு ஈடாகப் பண்ணைக்கு உழைத்துக் கொடுத்தவனும் குந்தர். ஷெல்டா குந்தரின் மனைவி பெயர் யோருனுக்குப் பார்க்காமலே தெரியும். தன் கொள்ளுப்பாட்டி ஆன்னெயைப் பெற்றவள். காரி.

முப்பது வருஷமாக அவள் தேடியவன் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறான். ஊரைவிட்டுப் போனவர்களில் அவனுக்கு உரிய வரியை அவளே வேறு வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். முடித்துவிட்ட கோப்பை அதன்பின் யார் திறந்து பார்ப்பார்கள்?

முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைப்பானேன். ஆள் இருக்கிறது. டார்லின் சொந்தம், வெர்ன் சொந்தம், அந்தப் பொடிசுகள் எல்லாம் சொந்தம். வெர்ன் சாப்பாட்டுக்கு நடுவில் நாலு தடவை எழுந்துபோய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவான். வருஷா வருஷம் அதைப் பார்த்து, மரியாதை தெரியாதவன் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறாள். இப்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் தார்யையின் முகம் வந்து நின்றது. இது தெரிந்தால் அவருக்கு ஒருவருமில்லை. சொல்லாவிட்டால் தனக்கு ஒருவருமில்லை. அன்று பகல் முழுக்கப் பள்ளத்தாக்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காரை ஓட்டினாள். பிள்ளைகள் இல்லாத நிறுத்தங்களில் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டாவது தடவையாக அவள் பெட்ரோல் நிலையத்துக்கு வந்ததும் ஐவிண்ட் வெளியே வந்தான். நிலையத்தை நடத்துகிறவனும் அவன்தான், எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவனும் அவன்தான்.

"என்ன யோருன், காலைலதானே டாங்கை ரொப்பிக்கிட்டுப் போன? வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியா?"

"டயர்ல காத்து பாக்கணும்."

"காத்து உனக்குள்ளதான் கூடிப்போயிருக்கு. என்ன, சொல்லு."

சொன்னாள். குழாயைப் பிடித்தபடியே கேட்ட ஐவிண்ட், முடிந்ததும் விசில் அடித்தான். அப்புறம் சிரித்துவிட்டான்.

"அப்போ தார்யை இருபத்தேழு வருஷமா பண்ணையாள் வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பட்டுக் குஞ்சம் வெச்ச தலகாணி போட்டிருக்காரா! அவங்க அப்பா கேட்டிருந்தா நெஞ்சு வெடிச்சிருப்பார்."

"சிரிக்காத. என்ன பண்றது சொல்லு."

"ஒண்ணும் பண்ணாத. கல்லு நேத்தே வந்தாச்சு, என் டிராக்டர்லதான் எறக்கினோம். கெழவருக்கும் சந்தோஷம், அமெரிக்காக்காரிக்கும் சந்தோஷம். செத்தவங்க யாரும் வந்து புகார் குடுக்கப்போறதில்ல."

"நான் இன்னும் சாகலையே, ஐவிண்ட்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். குழாயை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சரிதான். சொல்றதுன்னா மொதல்ல தார்யைகிட்ட சொல்லு. விருந்தாளிங்க வாயால அவருக்குத் தெரியக்கூடாது. அது பாவம்."

வெள்ளிக்கிழமை காலை குரூவனுக்குப் போனாள். முற்றத்தில் கல் வெள்ளைத் துணி போர்த்தி நின்றது. தார்யை சமையலறையில், தேசிய உடையின் வெள்ளிப் பொத்தான்களை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. டார்லினுக்கு அந்தக் கெழக்கு ரூமா, மேல்மாடியா? முட்டி வலின்னு எழுதியிருந்தாளே. கெழக்கு ரூம்ல காலைல வெயில் மூஞ்சில அடிக்கும். நீ உக்காரு. ஐயோ, உன்கிட்ட போய் உக்காருங்கிறேன்."

யோருன் நின்றுகொண்டே சொன்னாள். அடக்கம், 1865 கணக்கு, ஊரைவிட்டுப் போனவர்கள் என்று மூன்று பதிவுகளையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தாள். பொத்தான்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அவற்றைத் தொடவில்லை.

"ஷெல்டாவா?" என்றார். "உங்க ஷெல்டாவா?"

"ஆமா."

"அப்போ அவங்க உன் ஆளுங்க."

"ஆமா. தப்பு என்னோடதுதான், தார்யை. அன்னிக்கே பாத்திருக்கணும்."

"தப்பு!" மேஜையைக் கையால் அடித்தார். பொத்தான் ஒன்று உருண்டு விழுந்தது. "பஸ்ஸை ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தினா பின்னாடி எடுக்கலாம். இருபத்தேழு வருஷத்தை எந்த கியர்ல போட்டுப் பின்னாடி எடுப்ப? நானா சொந்தம் வேணும்னு கேட்டேன்? மார்கித்தும் நானும் எங்க பாட்டுக்கு இருந்தோம். நீதான் பேப்பரைத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன. நீயே குடுத்த, இப்ப நீயே வந்து குடுன்னு கேக்கற."

"நான் கேக்கல."

"கேக்கலையா? அப்போ எதுக்கு வந்து சொல்ற? உங்க அம்மா இந்த வீட்டுல பால் கறந்தப்ப ஒரு சொட்டு எடுத்ததில்ல. நீ வீட்டையே தூக்கிக்கிட்டுப் போற."

யோருனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "எங்க அம்மா எடுக்கல. எங்க ஆளை எடுத்து உங்க மேஜையில வெச்சுட்டு நான் காபி ஊத்திக்கிட்டு இருந்தேன். அது போதாதா?"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். தார்யை குனிந்து பொத்தானைத் தேடினார். முதுகு வளையவில்லை. யோருன் எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கு எண்பது," என்றார் அவர், குரல் இறங்கி. "இன்னும் எத்தன வருஷம்? ரெண்டோ மூணோ. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு யோருன். அப்புறம் எல்லாரையும் நீயே வெச்சுக்க."

டார்லினுக்கும் எழுபத்தாறு ஆகிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தார்யை மேஜைமேல் இருந்த காகிதங்களில் ஒன்றை இப்போதுதான் தன் பக்கம் இழுத்தார்.

"அப்போ அந்தக் கல்லுல வெட்டியிருக்கிற பொறந்த தேதி யாரோடது?"

"உங்க வீட்டுப் பையனோடது. நாலரை வயசுல போயிட்டான். அந்த வருஷம் சீதபேதில நெறைய பிள்ளைங்க போச்சு."

"எங்க வீட்டுல அப்படி ஒருத்தன் இருந்தானா?"

"இருந்தான்."

"யாரும் சொன்னதில்லையே எனக்கு."

ஜன்னல் வழியே கல்லைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொத்தானை எடுத்து மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுவாங்க. நீ வந்தாகணும். எனக்கு இங்கிலீஷ் வராது."

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. யோருன் நேரே மேல்காட்டுக்கு ஏறினாள். ஷெல்டாவில் இப்போது அஸ்திவாரக் கற்கள் ஒரு வரிசையும், பாசி மூடிய ஊற்று ஒன்றும், உள்ளே முளைத்துவிட்ட ஸ்ப்ரூஸ் மரங்களும்தான். அறைக்கு நடுவில் முளைத்த மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சொல்வேன் என்றாள். மாட்டேன் என்றாள். இறங்கி வரும்போது பாதி வழியில் திரும்பி மறுபடி ஏறினாள். எண்பது வயது மனிதரிடமிருந்து பிடுங்குவதா? அறுபத்தொரு வயதில் தனக்கு வந்ததை விடுவதா? கால் வலிக்கிற வரை இதுதான். கடைசியில் சனிக்கிழமை காலை பல் விளக்கும்போது முடிவு செய்தாள். வாயைத் திறப்பதில்லை, அவர் காலம் முடிகிற வரை. முடிவு செய்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

பத்து மணிக்கு இரண்டு கார்களில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். டார்லின், வெர்ன், டார்லினின் இரண்டு மகன்கள், மருமகள், மூன்று பொடிசுகள். அடுப்பில் புளித்த பாலேட்டுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கல்லைத் திறந்த பிறகு சாப்பாடு. தார்யை முழு உடையில், பொத்தான்கள் மின்ன, ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் நின்றார். டார்லின் அவரைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டாள். யோருனோடு கைகுலுக்கினாள்.

துணியை டார்லினே இழுத்தாள். ஹல்வோர் குரூவன், பிறந்த தேதி, விஸ்கான்சினில் இறந்த தேதி. காகிதத்தைப் பிரித்துப் படித்தாள், யோருன் வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொன்னாள். "எங்க கொள்ளுத்தாத்தா தன் வீட்டைப் பத்திப் பேசவே மாட்டாராம். எங்க பாட்டி கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடுவாராம். அவ்வளவு பெரிய வீட்டை விட்டுட்டு வந்த வருத்தம்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்." யோருனின் குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. வெர்ன் அதற்குள் இரண்டு தடவை கொட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

படித்து முடித்ததும் டார்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை நீட்டினாள்.

"கல்லுக்குப் பக்கத்துல ஒரு படம். குடும்பம் மட்டும். யோருன், நீ எடுத்துடறியா கண்ணு?"

யோருன் வாங்கிக்கொண்டாள். பின்னால் நகர்ந்தாள். சின்னச் சதுரத்துக்குள் எட்டுப் பேரும், நடுவில் தார்யையும் வந்து நின்றார்கள். குட்டிப் பெண் ஒருத்தி நிற்காமல் காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அசையாம நில்லுங்க," என்றாள். "ஒண்ணு, ரெண்டு..."

தார்யை வரிசையை விட்டு வெளியே வந்தார். நேராக அவளிடம் நடந்துவந்து, கையிலிருந்த கைபேசியை வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதில் படம் எடுக்க அவருக்குத் தெரியாது.

"இவங்ககிட்ட சொல்லு," என்றார். "ஹல்வோர் இந்த வீட்டுப் பிள்ளை இல்ல."

யோருன் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும்மா. சொல்றதுதானே உன் வேலை."

சொன்னாள். எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள்.

"இந்த வீட்டுல வேலை செஞ்சவன். மேல காட்டுல ஷெல்டான்னு ஒரு குடிசை, அங்க பொறந்தவன். போறப்ப எங்க பேரைப் போட்டுக்கிட்டுப் போனான். அந்தக் காலத்துல அப்படித்தான்."

சொன்னாள்.

"கல்லுல இருக்கிற பொறந்த தேதி எங்க வீட்டுல செத்துப்போன சின்னப் பையனோடது. அது அப்படியே இருக்கட்டும், அவனுக்கு வேற கல்லு இல்ல. உங்க ஹல்வோர் பொறந்த தேதி இவ வெச்சிருக்கா. அவனோட தங்கச்சி வழியில வந்தவ இவ. மிச்சம் இருக்கிறவ இவ ஒருத்திதான்."

இதைத் தன்னைக் காட்டித் தானே சொல்ல வேண்டியிருந்தது. பேருந்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்குகிறவளுக்குக் குரல் எழும்பவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்தது. டார்லின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீயா? இத்தன வருஷமா எங்களுக்குக் காபி ஊத்திக்கிட்டு இருந்தது நீயா?"

வெர்ன் இரண்டு எட்டில் வந்து யோருனைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். குதித்துக்கொண்டிருந்த குட்டி அவள் விரலைப் பிடித்தாள். யோருன் அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

தார்யை மட்டும் நாலடி தள்ளித் தனியாக நின்றார். அவர் இன்னும் முடிக்கவில்லை. எப்போதும் போல ஒரு வாக்கியம் சொன்னார், சொல்லிவிட்டு எப்போதும் போல அவளைப் பார்த்தார்.

"நான் உங்களுக்கு யாருமில்ல."

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். டார்லின் கேட்டாள், "என்ன சொல்றார்?"

இருபத்தேழு கோடைகளில் யோருன் அந்த மனிதர் சொன்னதில் ஒரு வார்த்தையைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கஞ்சி ஆறிப்போகுதாம்," என்றாள். "எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார்."

டார்லின் சிரித்துக்கொண்டே போய் அவருடைய கையைக் கோத்துக்கொண்டாள். பொடிசுகள் முன்னால் ஓடின. அவள் என்ன சொன்னாள் என்று புரியாமல் யோருனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே தார்யை அவர்களோடு நடந்தார்.